அனுபவம் இல்லாத டீச்சர்

தலைமையாசிரியர் ஓய்வுபெற்ற பிறகு பத்து வருஷம் அந்தப் பள்ளியை நடத்தியது செங்கமலம் டீச்சர்தான். ஆனால் அவர் வெறும் 'பொறுப்பு'. அதனால் தலைமையாசிரியர் நாற்காலி காலியாகவே கிடக்கும். டீச்சர் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வேலை பார்ப்பார். அங்கே அதுதான் வழக்கம்.

ஒருவழியாகத் தாளாளர் நேர்காணல் வைத்தார். "உனக்குத் தலைமை அனுபவம் இல்லையேம்மா" என்று சொல்லி, பதவியைத் தன் மாப்பிள்ளைக்குக் கொடுத்தார்.

முதல் பெற்றோர் கூட்டத்திலேயே, கேட்ட கேள்விக்கெல்லாம் மாப்பிள்ளை திருதிருவென விழித்தார். தாளாளர் டீச்சரிடம் குழைந்தார்.

"நீதான் கொஞ்சம் சொல்லிக் கொடேம்மா."

"எனக்குத்தான் அனுபவம் இல்லைங்களே ஐயா" என்றார் டீச்சர், வெகு பணிவாக.

கூட்டம் சிரித்தது. தாளாளர் முகம் தொங்கிப்போனது. கதை இங்கேயே முடிந்திருக்கலாம்.

மறுநாள் காலை வழிபாட்டுக்கு மாப்பிள்ளை வரவில்லை. தலைமையாசிரியர் சொல்லாமல் வகுப்புக்குப் போகும் மணியை அடிக்கக் கூடாது. பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். ஒரு சின்னப்பெண் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் எழுந்து போய் மணியடித்தார்.

அன்றிலிருந்து வேலையெல்லாம் மறுபடி அவருக்கு. நாற்காலி மட்டும் மாப்பிள்ளைக்கு.

பிள்ளைகள் வெயிலில் நின்றால் டீச்சர் தாங்கமாட்டார் என்று தாளாளருக்கு முன்பே தெரியும்.