சரமக்காவும் மாறிப்போன மணியும்

ஊருன்னு ஒண்ணுமே இல்லாத காலம்டி தாரிணி. மரம் இல்ல, மீன் இல்ல, ஒரு எறும்புகூட இல்ல. அப்போ சரமக்கான்னு ஒருத்தி இருந்தா. கண்ணுக்கே தெரியாத மணிச்சரம் அவ. நாலே நாலு விதமான மணி, மாத்தி மாத்திக் கோர்த்திருக்கும். அவளுக்கு ஒரே கவலை. அறுந்துபோறதுக்குள்ள, ஒரு மணி பிசகாம தன்னை இன்னொருத்திக்குச் சொல்லிவிடணும், அதாவது தன்னை மாதிரியே இன்னொரு சரம் கோர்த்துடணும். தப்பாச் சொல்லிட்டா? நினைச்சாலே நடுங்குவா. ம் கொட்டுடி.

"ம்."

அப்புறம், கடலுக்கு அடியில ஒரு பாறை இடுக்கு. குபுகுபுன்னு வெந்நீர் வரும். "இங்க வாடி, சூடு இருக்கு, தீனி இருக்கு"ன்னு கூப்பிட்டுச்சு. போனா. மகளைக் கோர்க்க, தண்ணியில மிதந்த உதிரி மணிங்களைப் பக்கத்துல வரிசையா நிக்கவெச்சா. தண்ணி சும்மா இருக்குமா? சளக்குன்னு இழுத்துட்டுப் போயிடுச்சு. அவளையும் அலை தூக்கிக் கரையில வீசிடுச்சு.

அப்போ வானத்துலேர்ந்து தொபுக்கடீர்னு ஒரு கல்லு விழுந்துச்சு. "எங்கிட்ட எவ்வளவு மணி ஒட்டியிருக்கு பாரு"ன்னு பெருமை பேசுச்சு. இருந்துச்சு, நெசந்தான். ஆனா சொட்டு ஈரம் இல்ல. கூப்பிட்டா ஒரு மணியும் நகரல.

அப்புறம் ஒரு தூறல். கல்லுத் தூசியையும் அவளையும் சேர்த்து வெந்நீர்க் குட்டைக்குள்ள தள்ளுச்சு. குட்டை நனையும், காயும், நனையும், காயும். நனைஞ்சப்போ மணியெல்லாம் அவ பக்கத்துல வந்து நின்னுச்சு. காய்ஞ்சப்போ பட்டுப் பட்டுன்னு ஒட்டிக்கிச்சு. மக பொறந்துட்டா!

"அங்கதான் பொறந்தாளா பெரியம்மா?"

முதல் உசுரு பொறந்தது குட்டையா, கல்லா, கடலடியான்னு படிச்சவங்க இன்னும் சண்டை போட்டுட்டுத்தான் இருக்காங்க. பக்கத்துல நின்னு பார்த்தவங்க யாரு? நீ கண்ணை மூடு.

சரமக்கா மகளைத் தடவிப் பார்த்தா. "அடிப்பாவி! நடுவுல ஒரு மணி மாறிப்போச்சேடி!"

"மாறினா மாறட்டும்மா. என் இடுப்பு எப்படி வளையுது பாரேன்."

"வளைச்சு என்ன பண்ணப்போற? மேல பாரு, பெருமழை இருட்டிக்கிட்டு வருது. உன்னையும் என்னையும் கரைச்சுடும்."

குட்டையில எண்ணெய்ப் படலம் மிதந்துச்சு. காத்து அடிச்சா குமிழி குமிழியா உருளும். சரமக்கா ஒவ்வொண்ணாத் தொட்டா. வழுக்கிச்சு. விறைப்பா இருக்கிறவளுக்குப் பிடி எங்க கிடைக்கும்? மக ஒரு குமிழியை இடுப்பால வளைச்சுப் பிடிச்சா.

"ஏறிக்கோம்மா!"

"தப்பாப் பொறந்தவ சொல்லி நான் கேக்கணுமா?"

"கேக்காட்டி கரைஞ்சு போ."

சடசடன்னு மழை இறங்கிடுச்சு. ம்?

"...ம்."

அப்போ சரமக்கா மகளைக் கட்டிக்கிட்டுக் குமிழிக்குள்ள வழுக்கி விழுந்தா. எண்ணெய்த் தோல் சப்புன்னு மூடிக்கிச்சு. வெளிய ஊத்து ஊத்துன்னு ஊத்துது. அவளோட சேர்ந்து நாலஞ்சு உதிரி மணியும் உள்ள வந்துடுச்சு. அவ மறுபடி மெதுவாச் சொல்ல ஆரம்பிச்சா. இந்தத் தடவை தன்னை இல்ல. மகளை, அந்த மாறின மணியோடவே.

அம்புட்டுதான்டி கதை. போத்திக்கிட்டுப் படு.