வாசலில் கிடந்த நீலச் செருப்பு

பல்கலைக்கழகத்துக்கு இருந்ததே ஒரே ஒரு எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப். தூசி ஆகாது என்பதால் உள்ளே போகிறவர்கள் செருப்பை வாசலிலேயே விட வேண்டும். பேராசிரியர் திருவேங்கடம் எப்போது அந்தப் பக்கம் போனாலும், புதிதாய்ச் சேர்ந்த உதவிப் பேராசிரியை ரெஜினாவின் நீலச் செருப்பு அங்கே கிடந்தது. அவருக்கு வயிறு எரிந்தது. வந்து ஆறு மாதம் ஆகவில்லை, நாள் முழுக்க மெஷின் அவளுக்கா?

அறைக்குப் பொறுப்பான உதவியாளர் இசக்கியம்மாளைக் கூப்பிட்டார்.

“இந்த செமஸ்டர் முழுக்க ரெஜினாவோட நேரம் எனக்கு வேணும்.”

“அப்ப உங்க நேரம் சார்?”

“அதை அவளுக்கே போட்டுத் தொலை.”

“வாயால சொன்னா போதாது சார். ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுருங்க.”

தன் நேரம் எவ்வளவு என்று அவர் அட்டவணையைப் பார்த்ததே இல்லை; அதெல்லாம் மாணவர்கள் பாடு. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

திங்கட்கிழமை வந்து பார்த்தால், கதவில் புது அட்டவணை. ஐந்து நாளும் ரெஜினா. வியாழன் மதியம் இரண்டு மணி நேரம் மட்டும் திருவேங்கடம்.

“என்ன இது? அவ செருப்பு காலையிலிருந்து சாயங்காலம் வரை இங்கதானே கிடக்கும்?”

“கிடக்கும் சார். அந்த ரெண்டு மணி நேரம் போக, உங்க பசங்க எப்ப மெஷினை விட்டு எந்திரிப்பாங்க, பத்து நிமிஷம் கிடைக்காதான்னு ரெஜினா மேடம் உள்ளே ஸ்டூல்ல காத்துக்கிட்டு இருப்பாங்க.”

இசக்கியம்மாள் கதவைத் திறந்துவிட்டாள்.

“ஸ்டூல் இப்ப காலியாத்தான் இருக்கு. செருப்பை ஓரமா விட்டுட்டு உட்காருங்க சார்.”