மேகத்தில் வைத்த முயல்குட்டிகள்

வெள்ளிமுடி மலையின் உச்சியை யாரும் பார்த்ததில்லை. எந்நேரமும் ஒரு மேகம் அதைப் போர்த்திக்கொண்டிருக்கும். அந்த மேகத்துக்குள் மலை மைனாக்கள் கூட்டமாகக் குடியிருந்தன.

ஒரு நாள் காலை அந்த மைனாக்கள் அடிவாரக் காட்டுக்கு இறங்கி வந்தன. கிளைக்கு ஒன்றாக உட்கார்ந்து கூவின.

"சொல்லிவிடு, மறந்துவிடு! சொல்லிவிடு, மறந்துவிடு!"

"என்னத்தைச் சொல்ல, என்னத்தை மறக்க?" என்று கேட்டது பூதப்பன் கரடி.

மைனாக்களின் தலைவி முன்னால் வந்தது. அது தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர் சொல்லின்செல்வி.

"அண்ணே, போன வருஷம் தேன்கூடு எந்த மரத்துல பார்த்தீங்க? ஞாபகம் இருக்கா?"

கரடி தலையைச் சொறிந்தது. "மருத மரமா, வேங்கை மரமா... தொண்டை வரைக்கும் வருது!"

"தொண்டையில ஏன் வச்சிக்கிட்டுக் கஷ்டப்படணும்? எங்ககிட்ட சொல்லிடுங்க. மேகத்துல பத்திரமா இருக்கும். எப்பக் கேட்டாலும் உங்க குரல்லயே திருப்பிச் சொல்வோம்!"

சொன்னதோடு நிற்கவில்லை. "மருத மரமா, வேங்கை மரமா... தொண்டை வரைக்கும் வருது!" என்று அச்சாகக் கரடியின் குரலில் பேசிக் காட்டியது. காடே கைதட்டியது.

"இதுக்கு நாங்க என்ன தரணும்?" என்று கேட்டது சொர்ணம் அணில். தான் புதைத்த கொட்டைகளில் பாதியை எங்கே புதைத்தோம் என்று தெரியாமல் வருஷா வருஷம் திண்டாடுகிற அணில் அது.

"ஒண்ணும் வேண்டாம்! நாங்க ஒரு சின்னப் பாட்டுப் பாடுவோம். கேட்டுட்டு 'சரி'ன்னு சொன்னாப் போதும்."

பாட்டு சின்னதாக இல்லை. ஆற்றைப் போல நீண்டது, ஆலங்கட்டி மழை போல வேகமாக விழுந்தது. மூன்றாவது வரியிலேயே கரடி "சரி, சரி!" என்றது. அணிலோ, பாட்டு தொடங்கும் முன்பே "சரி!" என்று கத்திவிட்டது.

மருக்கொழுந்து முயல் மட்டும் இரண்டு காதையும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

மருக்கொழுந்து அப்போதுதான் இரண்டு குட்டி போட்டிருந்தது. காய்ந்த இலை விழுந்தாலும் அதற்கு நெஞ்சு படபடக்கும். குட்டிகள் பிறந்ததிலிருந்து இலை விழாவிட்டாலும் படபடத்தது.

காட்டு முயல்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பகலில் தாய் குட்டிகளோடு இருக்காது. தாய் பக்கத்தில் இருந்தால் அதன் வாசனையே பகைவனைக் கூட்டிவந்துவிடும். மருக்கொழுந்தும் குட்டிகளை, சொர்ணம் குடியிருந்த புளிய மரத்தடியில் ஒரு சுக்குநாறிப்புல் புதருக்குள் படுக்க வைத்துவிட்டு ஆற்றோரம் போய்விடும். புல்லின் காரமான மணத்தில் குட்டிகளின் மணம் கரைந்துபோகும். இருட்டுகிற நேரத்தில் வந்து பால் கொடுக்கும். திரும்பிப் பார்க்காமல் போய்விடும். இடத்தைக் குட்டிகளின் அப்பனிடம்கூடச் சொல்லாது.

முயலுக்குக் கொம்பு கிடையாது என்பார்கள். உண்டு. வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் அதன் கொம்பு.

பாட்டு பாதியைத் தாண்டியபோது ஒரு வரி வந்தது: "உங்கள் சொல் எங்கள் சொல், எங்கள் சொல் எங்கள் நண்பர் சொல்..."

"கொஞ்சம் நிறுத்துங்க!" என்றது மருக்கொழுந்து. "அந்த நண்பருங்க யாரு?"

சொல்லின்செல்வியை இதுவரை யாரும் பாட்டின் நடுவில் நிறுத்தியதில்லை. அடுத்த வரி அதற்கு மறந்தே போயிற்று.

"நண்பர்கள்னா... நல்லவங்கதான்!"

"பேரு?"

"அது வேற பாட்டுல வரும்!"

"எல்லாருக்கும் சும்மா வேலை பார்த்தா, நீங்க எதைத்தான் சாப்பிடுவீங்க?"

"உங்க அன்பைத்தான், அம்மா!"

மருக்கொழுந்து மைனாவின் வயிற்றைப் பார்த்தது. உருண்டு திரண்டிருந்தது. அன்பைத் தின்று அப்படி ஒரு வயிறு வராது என்று அதற்குத் தோன்றியது.

"எனக்கு வேண்டாங்க" என்றது.

"பயந்தாங்கொள்ளி!" என்று சிரித்தது அணில். "உன் குட்டி தூங்குற இடம் என்ன, அரண்மனைக் கஜானாவா?"

"ஒளிச்சு வைக்க உன்கிட்ட என்ன தாயி இருக்கு? நாலு புல்லு!" என்றது கரடி.

"எனக்கு இருக்கிறதே அவ்வளவுதானே, அண்ணே. அதனாலதான் பயம்."

காடு இன்னும் பலமாகச் சிரித்தது.

அன்று முதல் எல்லோருக்கும் தலை லேசாகிவிட்டது. எதையும் யாரும் நினைவில் வைக்கவில்லை. காலையில் எந்தத் துறையில் தண்ணீர் குடிப்பது, எந்த மரத்தில் ஏறுவது, யாரோடு சண்டை, யாரோடு சமாதானம், எல்லாவற்றையும் மைனாவிடம் சொன்னார்கள். பிறகு மைனாவிடமே கேட்டுக்கொண்டார்கள்.

ஒரு நாள் பலத்த மழை. மைனா ஒன்றுகூடக் கீழே வரவில்லை. பூதப்பன் கரடி ஒரு குகை வாசலில் நனைந்துகொண்டு நின்றது.

"உள்ள யாருங்க?" என்று கூப்பிட்டது. "மழை விடுற வரைக்கும் ஒதுங்கிக்கலாமா?"

உள்ளே யாரும் இல்லை. அது கரடியின் சொந்தக் குகை!

"இன்னைக்கு மேகம் திறக்கல, நான் என்ன செய்ய?" என்று மறுநாள் தும்மிக்கொண்டே சொன்னது கரடி. அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். கரடியும் சிரித்தது.

இனி மைனாக்களின் வயிற்றுக்கு வருவோம். இது அவை காட்டுக்கு இறங்கி வருவதற்குச் சற்று முன் நடந்தது.

மலைச்சரிவில் ஒரு பெரிய அத்தி மரம் இருந்தது. குரங்குகள் அதை மொட்டையடித்துக்கொண்டிருந்தன. ஒரு காட்டுப்பூனை வந்து மரத்தடியில் படுத்தது. குரங்குகள் ஓடின. பழமெல்லாம் மைனாக்களுக்கு ஆயிற்று.

"பதிலுக்கு எனக்கு எதுவும் வேண்டாம்" என்றது பூனை, மீசையை நக்கிக்கொண்டே. "காட்டுல என்ன பேசிக்கிறாங்கன்னு சும்மா கேட்டுட்டுப் போறேன். பொழுது போகணும் பாரு!"

"ஐயையோ! யார் ரகசியத்தையும் நாங்க வெளியில சொல்ல மாட்டோம், பூனையாரே!"

"சேச்சே! ரகசியம் யாருக்கு வேணும்? பேரை எடுத்துட்டு மீதியைச் சொல்லேன்."

சொல்லின்செல்வி யோசித்தது. பேர் இல்லாவிட்டால் அது யார் ரகசியம்? ஒருவருடையதும் இல்லை! அத்திப்பழம் நன்றாகப் பழுத்திருந்ததால் இந்த நியாயம் அதற்கு உடனே விளங்கிவிட்டது.

மைனாக்கள் காட்டுக்கு இறங்கிய பிறகு பூனை தினமும் கேட்டது. ஒரு நாள் மைனாவின் வாயிலிருந்து ஒரு கீச்சுக் குரல் வந்தது. "சுக்குநாறிப்புல்லுக்கு மேல புளியங்காயைத் தள்ளிவிடக் கூடாது. குட்டிங்க தூங்குது."

அடுத்து ஒரு கட்டைக் குரல் வந்தது. "பயந்தாங்கொள்ளி இருட்டற வரைக்கும் ஆத்தோரத்துலதான் மேயும். அதுக்கு அப்புறம் நான் அங்க மீன் பிடிக்கப் போகணும்."

இரண்டிலும் பேர் இல்லை. பூனைக்குப் பேர் தேவைப்படவும் இல்லை. புல்லில் குட்டி. இருட்டும்வரை தாய் இல்லை. போதாதா?

மறுநாள் நடுப்பகல். ஆற்றோரம் மேய்ந்துகொண்டிருந்த மருக்கொழுந்து தலையைத் தூக்கிப் பார்த்தது. தூரத்தில் காட்டுப்பூனை போய்க்கொண்டிருந்தது. அது மோப்பம் பிடிக்கவில்லை. நின்று காது கொடுக்கவில்லை. சொந்த வீட்டுக்குப் போகிறவனைப் போல நேராக நடந்தது. சுக்குநாறிப்புல்லை நோக்கி!

முயலின் நாலு காலும் "எதிர்ப்பக்கம் ஓடு!" என்றன. மருக்கொழுந்து பூனைப் பக்கம் ஓடியது.

பூனை புல்லுக்குள் முகத்தை நீட்டிய அந்த நொடியில், அதன் மூக்குக்கு முன்னால் முயல் தொப்பென்று குதித்தது.

"என்ன பூனையாரே! எலும்பும் தோலுமா இருக்கிற குட்டிகளுக்கா இவ்வளவு தூரம் நடந்தீங்க? கொழுத்தவ நான் இங்க இருக்கேன்!"

அவ்வளவுதான்! முன்னால் முயல், பின்னால் பூனை. ஈச்சம்புதர், கருங்கல் இடுக்கு, காரை முள் என்று முயல் வளைந்து வளைந்து ஓடியது. கடைசியில் முள்ளுக்கு அடியில் முயல் நுழைந்தது. பூனை முள்ளுக்குள் நுழைந்தது. பூனை போட்ட கூச்சல் மலைமேல் மேகம்வரை கேட்டது.

மருக்கொழுந்து சுற்றுவழியாகத் திரும்பி வந்தது. குட்டிகள் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று கால் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக வாயில் கவ்வி வேறு இடத்தில் கொண்டுபோய் வைத்தது. பிறகு நேராகப் புளிய மரத்தடிக்கு வந்தது.

"சொர்ணம்! கீழே இறங்கு!"

"என்னடி, மூச்சு வாங்குது?"

"சுக்குநாறிப்புல்லுல மோப்பம் எடுபடாது. யாராவது சொல்லாம பூனை அங்க வராது. மைனாகிட்ட என்ன சொன்ன?"

"உன் பேரைக்கூடச் சொல்லலையே! தூங்குற குட்டிங்க மேல காய் விழுந்துடப் போகுதுன்னு, என் ஞாபகத்துக்காகச் சொல்லி வச்சேன். நல்லதுதானேடி செஞ்சேன்?" சொல்லும்போதே அணிலின் வால் தொங்கிப்போயிற்று. "ஐயோ... குட்டிங்க?"

"இருக்குதுங்க."

அணில் ஓவென்று அழுதுவிட்டது. "வா, இப்பவே போய் அழிக்கச் சொல்றேன்!"

இரண்டும் மைனாவிடம் போயின.

"நான் சொன்னதை அழிச்சிடு!" என்றது அணில்.

"அழிச்சாச்சு!" என்றது சொல்லின்செல்வி.

பின்கிளையிலிருந்து இன்னொரு மைனா, அணிலின் கீச்சுக் குரலிலேயே, "குட்டிங்க தூங்குது!" என்றது.

"அது என்ன?"

"அது பத்திரத்துக்கு ஒரு நகல்."

"அதையும் அழி!"

"அழிச்சாச்சு!"

"குட்டிங்க தூங்குது!" என்றது மூன்றாவது கிளை.

"அது நகலுக்கு நகல். நாங்க ரொம்பப் பத்திரமானவங்க, அம்மா!"

சேதி காட்டில் பரவியது. ஒவ்வொருவரும் ஓடி ஓடித் தாங்கள் சொன்னதைத் திருப்பிக் கேட்டார்கள். முள்ளம்பன்றி சொன்னதில் கீரியின் வளை இருந்தது. கீரி சொன்னதில் மயிலின் முட்டை இருந்தது. யாரும் யாரையும் காட்டிக்கொடுக்க நினைக்கவில்லை. ஆனால் எல்லோரும் எல்லோரையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்திருந்தார்கள்.

பூதப்பன் கரடி தன் குரலைக் கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்தது. "தாயி, நான் மீன் பிடிக்கிறதுக்காகச் சொன்னது..."

"சொன்னதை விடுங்க, அண்ணே. இனிமே என்ன சொல்றதுன்னு பார்ப்போம்" என்றது மருக்கொழுந்து. "அழிக்கத்தான் முடியாது. கலக்கலாமே!"

அன்று சாயங்காலம் மைனாக்களுக்குக் கொண்டாட்டம். காடே வரிசையில் வந்து நின்றது.

"குட்டிங்க குளவிக் கூட்டுக்கு அடியில தூங்குது!" என்றது அணில்.

"குட்டிங்க சேத்துக்குழி நடுவுல தூங்குது!" என்றது கீரி.

"குட்டிங்க என் மடியில தூங்குது!" என்றது கரடி. சிரிப்பை அடக்க முடியாமல் அது புரண்டு புரண்டு விழுந்தது.

மைனாக்கள் ஒன்றையும் விடவில்லை. எல்லாவற்றையும் நகல் எடுத்து, நகலுக்கு நகல் எடுத்து, பேரை மட்டும் நீக்கிவிட்டுப் பூனைக்கு ஒப்பித்தன.

பூனை குளவிக் கூட்டுக்குப் போயிற்று. முகம் பூசணிக்காயாயிற்று. சேற்றுக்குழிக்குப் போயிற்று. கழுத்துவரை இறங்கியது. மூன்றாவது இடத்துக்குக் கிளம்புமுன் மைனாவிடம் வந்து சீறியது.

"எது நிஜம்? எது பொய்?"

"அது எங்களுக்குத் தெரியாதுங்க, பூனையாரே! சொன்னதைச் சொல்றது மட்டும்தான் எங்க வேலை."

"அப்ப உங்க அத்திப்பழத்தை நீங்களே பார்த்துக்குங்க!"

பூனை வேறு காடு பார்த்துப் போய்விட்டது. மறுநாளே குரங்குகள் அத்தி மரத்துக்குத் திரும்பின.

மைனாக்கள் இப்போதும் காட்டுக்கு வருகின்றன. வயிறு கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. கரடி எந்த மரம் எப்போது பழுக்கும் என்பதை மட்டும் அவற்றிடம் சொல்லி வைக்கிறது. அது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, போனால் போகட்டும் என்கிறது. குகைக்கு வழி மட்டும் அதற்கே தெரியும். யார் புதிதாகப் பாட வந்தாலும் காடு கடைசி வரி வரைக்கும் கேட்கிறது. நடுநடுவே நிறுத்தி "யாரு அந்த நண்பர்?" என்கிறது.

ஒரு நாள் இருட்டுகிற நேரத்தில் அணில், மருக்கொழுந்தை வழியில் பார்த்தது.

"குட்டிங்க வளர்ந்திருக்குமே? இப்ப எங்கடி வச்சிருக்க?"

மருக்கொழுந்து மூக்கைச் சுருக்கிச் சிரித்தது.

"நல்லா இருக்குதுங்க, சொர்ணம்" என்றது. திரும்பிப் பார்க்காமல் புல்லுக்குள் மறைந்தது.

பிறர் பொறுப்பில் விட்ட ரகசியம் பிறருடையதாகிவிடும். ஆகையால் நம் பிள்ளை உறங்கும் இடத்தை நம் நெஞ்சிலன்றி வேறெங்கும் வைக்கலாகாது.