மண்டப மாடியில் ட்ரான்ஸ்

கோகிலவாணி ட்ரான்ஸ் இசை கற்கப் போனபோது அவளுக்கு வயது ஐம்பத்தொன்று. கற்றுக்கொடுத்த ரிஸ்வானாவுக்கு இருபத்தேழு. மூத்தவள் இளையவளை டீச்சர் என்றாள். இளையவள் மூத்தவளை அக்கா என்றாள். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

ஈரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தின் மொட்டைமாடியில் தினமும் காலை ஆறு மணிக்குக் கோகிலவாணி பெண்களுக்கு நடன உடற்பயிற்சி வகுப்பு நடத்திவந்தாள். முகூர்த்த நாளில் மட்டும் விடுமுறை. நாற்பது பேர் வந்துகொண்டிருந்தார்கள். எதிரே ஏ.சி. ஜிம் ஒன்று திறந்த பிறகு பத்தொன்பது பேர் ஆனார்கள். இங்கே ஓடிய சினிமாப் பாட்டுகளே அங்கேயும் ஓடின. அங்கே குளுகுளுவென்றும் இருந்தது.

வேறெங்கும் கிடைக்காத இசை தன் வகுப்பில் இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. தங்கை மகள் காட்டிய ஒரு வீடியோவில் அவள் முதன்முதலாக ட்ரான்ஸ் என்ற கம்ப்யூட்டர் நடன இசையைக் கேட்டாள். பாடுவதற்கு ஆள் இல்லை, ஒரு வார்த்தை இல்லை. ஆனாலும் முந்நூறு பேர் ஒரே மாதிரி குதித்துக்கொண்டிருந்தார்கள். அந்த இசையைச் செய்தது யார் என்று விசாரித்தாள். மூன்று தெரு தள்ளி, தன் அண்ணனுடைய செல்போன் கடையின் பின்னறையில் ரிஸ்வானா இருந்தாள்.

ரிஸ்வானா அதிகம் பேசுகிறவள் இல்லை. முதல் நாளே லேப்டாப்பைத் திறந்து மூன்று அடுக்குகளைக் காட்டினாள். கீழே பேஸ். தும் தும் என்று விழும் டிரம்முக்கு இடையே உள்ள சந்தில் புகுந்து வயிற்றில் இடிப்பது. நடுவில் கார்ட். மூன்று நான்கு சுரங்களைச் சேர்த்துப் பிடித்து நீளமாக விரித்துவைப்பது. மேலே ஆர்பெஜியோ. அதே கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக உதிர்த்து ஓடவிடுவது. மூன்றுக்கும் சுரம் ஒன்றுதான், வேலைதான் வேறு என்றாள். கோகிலவாணி நோட்டில் எழுதிக்கொண்டாள்.

நான்கு மாதம் கழித்து அவள் சொந்தமாக ஏழு நிமிட இசை ஒன்றைச் செய்துமுடித்தாள். ஆர்பெஜியோவுக்கு மட்டும் மூன்று வாரம் பிடித்திருந்தது. ரிஸ்வானா ஹெட்போனை மாட்டி முழுவதும் கேட்டாள். பேஸ் நன்றாக இருக்கிறது என்றாள். கார்டும் நன்றாக இருக்கிறது, ஆர்பெஜியோ ரொம்ப நன்றாக இருக்கிறது என்றாள். பிறகு ஹெட்போனைக் கழற்றிவைத்தாள்.

திங்கட்கிழமை கோகிலவாணி அதை வகுப்பில் போட்டாள். பெண்கள் இரண்டு நிமிடம் உற்சாகமாக ஆடினார்கள். மூன்றாவது நிமிடம் தூக்கிய கைகள் தணிந்தன. ஐந்தாவது நிமிடம் இரண்டு பேர் தண்ணீர் குடிக்கப் போனார்கள். முன்வரிசையில் ஆடும், வங்கியில் வேலை செய்யும் சாரதா, இசை அருமை என்று மனதாரச் சொன்னாள். மறுநாள் பழைய பாட்டையே போடும்படி கேட்டாள். புதன்கிழமை பதினாறு பேர்தான் வந்தார்கள்.

அன்று மாலை கோகிலவாணி செல்போன் கடைக்குப் போனாள். இன்னொரு ஆர்பெஜியோ சேர்க்கலாமா, கார்டை இன்னும் கனமாக்கலாமா என்று கேட்டாள். பதிலுக்கு ரிஸ்வானா ஒரு கேள்வி கேட்டாள். மூன்று அடுக்கும் முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை ஏன் ஒன்றாகவே ஓடுகின்றன?



"எங்கியாச்சும் காலியா உட்டா, கெளம்பிப் போயிருவாங்களோன்னு பயமுங்க டீச்சர்."

ரிஸ்வானா தலையாட்டினாள். கோகிலவாணி நோட்டைத் திறந்தாள்.

"எதை எப்ப எடுக்கோணும், எப்பத் திருப்பி வைக்கோணும்? அதுக்கு ஒரு கணக்கு இருக்குமில்லைங்க. அதைச் சொல்லிக் குடுங்க, எழுதிக்கறேன்."

ரிஸ்வானா கணக்கு எதுவும் சொல்லவில்லை. வகுப்பு எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டாள்.

சனிக்கிழமை காலை ஸ்கூட்டரில் வந்து, லேப்டாப் பையோடு மூன்று மாடி ஏறினாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் லேப்டாப்பை வைத்து ஸ்பீக்கரில் இணைத்தாள். கோகிலவாணியின் இசையில் ஒரு ஒலியைக்கூட மாற்றவில்லை. எது எப்போது நுழைகிறது என்பதை மட்டும் கையில் எடுத்துக்கொண்டாள்.

முதலில் வெறும் டிரம். பெண்கள் நின்ற இடத்திலேயே நடந்தார்கள். பிறகு பேஸ் வந்தது. நடை ஆட்டமானது. ஒரு நிமிடத்துக்குமேல் கழித்துத்தான் கார்ட் விரிந்தது. யாரும் சொல்லாமலே தோள்கள் அகன்றன. ரிஸ்வானா கோகிலவாணியைக் கையால் கூப்பிட்டாள். அவள் சாரதாவை முன்னால் நிறுத்திவிட்டு நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அப்போது ஆர்பெஜியோ ஓடத் தொடங்கியது. பதினாறு பேரின் கைகளும் மேலே போயின.

அந்த நேரத்தில் ரிஸ்வானா டிரம்மையும் பேஸையும் நிறுத்திவிட்டாள்.

கார்ட் மட்டும் நீண்டுகொண்டிருந்தது. அதன்மேல் ஆர்பெஜியோ சன்னமாக ஓடியது. கோகிலவாணியின் கை பதறிப்போய் லேப்டாப்புக்கு நீண்டது. ரிஸ்வானா அந்தக் கையைப் பிடித்து, ஒரு விரலை மட்டும் ஒரு விசையின் மேல் வைத்தாள்.

"இதை அமுக்குனா ரெண்டும் திரும்ப வரும். இப்ப வேண்டாம்."

"பின்ன எப்பங்க?"

"அவங்களைப் பாருங்க."

சொல்லிவிட்டு ரிஸ்வானா நடந்துபோய்க் கடைசி வரிசையில் பதினேழாவது ஆளாக நின்றுகொண்டாள்.

கோகிலவாணி பார்த்தாள். ஆட்டம் தளர்ந்தது. இரண்டு பேர் ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி சுவரில் கிடந்த துண்டை எடுத்து முகம் துடைத்தாள். ஜிம்மின் பேனரை எதிர்க்கட்டடத்தில் கட்டிய நாள் அவளுக்கு நினைவுக்கு வந்தது. நான்குவரை எண்ணினாள். எட்டுவரை எண்ணினாள்.

அப்போது சாரதாவின் குதிகால் கண்ணில் பட்டது. அது தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொரு குதிகால். துண்டை எடுத்தவள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு கைதட்டத் தொடங்கினாள். அடுத்த வரிசை சேர்ந்துகொண்டது. டிரம் விழுந்த இடத்தில் குதிகால் விழுந்தது, பேஸ் இடித்த சந்தில் கை விழுந்தது. வேகம் துளியும் பிசகவில்லை. மாடி அதிர்ந்ததில், கீழே மறுநாள் கல்யாணத்துக்குக் காய் நறுக்க வந்திருந்த சமையல்காரர் ஒருவர் படியேறி வந்து எட்டிப் பார்த்தார். பார்த்தவர் போகவில்லை.

மூன்று வாரம் உட்கார்ந்து செய்த ஆர்பெஜியோ அந்தச் சத்தத்தின் மேலே ஓடியது. அது இத்தனை அழகு என்று கோகிலவாணிக்கே அதுவரை தெரியாது. விரல் விசையில் இருப்பதையே அவள் மறந்துவிட்டாள். எண்ணுவதை எப்போதோ விட்டிருந்தாள்.

தண்ணீர்த் தொட்டி ஓரமாக எப்போதும் நிற்கும் பழனாத்தாள் அறுபத்து மூன்று வயதுக்காரி. முழங்காலில் பட்டை கட்டியிருப்பாள். வகுப்பில் கையை மட்டும்தான் ஆட்டுவாள். அவள் இரண்டு குதிகால்களையும் தூக்கி, நுனிவிரலில் நின்று, கோகிலவாணியையே பார்த்தாள்.

கோகிலவாணி விசையை அமுக்கினாள்.

மாடியில் அப்போது சும்மா நின்றவர் ஒருவரும் இல்லை. பழனாத்தாள் குதித்தாள். ரிஸ்வானா குதித்தாள். சமையல்காரர் தோளைக் குலுக்கிக்கொண்டிருந்துவிட்டு, யாரோ பார்த்ததும் கீழே இறங்கிப் போனார்.

முடிந்ததும் இன்னொரு முறை போடச் சொன்னார்கள். இரண்டாவது முறை கோகிலவாணி வேறொரு இடத்தில் விசையை அமுக்கினாள், முன்பைவிடத் தாமதமாக. மூச்சிரைக்கச் சிரித்தபடி ஒவ்வொருவராகப் படியிறங்கினார்கள். இந்தப் பாட்டைப் பாடியது யார் என்று சாரதா கேட்டாள். பாடியவர் யாரும் இல்லை என்றபோது அவள் நம்பவில்லை, தனக்குக் குரல் கேட்டதாகவே சொன்னாள்.

அடுத்த திங்கட்கிழமை இருபத்து மூன்று பேர் வந்தார்கள். ஜிம்முக்குப் போனவர்களில் சிலர் அதில் இருந்தார்கள். ஆனால் அது பிறகு நடந்தது. அந்தச் சனிக்கிழமை எல்லாரும் போன பின்பு, இரண்டு பேரும் தொட்டி நிழலில் உட்கார்ந்து பிளாஸ்கில் இருந்த டீயைக் குடித்தார்கள். கோகிலவாணியின் முகத்தில் வியர்வை இன்னும் காயவில்லை. அவளுக்கு ஒரு விஷயம் மட்டும் பிடிபடாமல் இருந்தது.

"டீச்சர், பேஸ் நின்னுபோயி அவ்வளவு நேரமாச்சு. அது இல்லாம எப்படிங்க அவங்க உடாம ஆடுனாங்க?"

ரிஸ்வானா டீயைக் கீழே வைத்தாள்.

"பேஸ் நின்னுச்சா, அக்கா?"