பருந்தின் வால் பிளந்த கதை

அந்தக் காலத்தில், கோழி மனுஷியிடம் வாய்க்கு வாய் பேசும், மனுஷியும் சளைக்காமல் பதில் சொல்வாள். அப்போது கண்மாய்க்கரை ஊர் ஒன்றின் மேல் இரண்டு பேர் வட்டமடித்தார்கள். ஒருவர் கருடன். செம்மண் நிற உடம்பு, வெள்ளைத் தலை. கண்மாயில் மீனும் நண்டும் பிடித்துத் தின்பதோடு சரி. இன்னொன்று கரும்பருந்து. அதற்குக் கோழிக்குஞ்சு என்றால் உயிர்.

அந்த ஊரில் மாராயி என்று ஒருத்தி. களத்தில் மிளகாய் காயப்போட்டுவிட்டு நாளெல்லாம் காவல் இருப்பாள். அவளுடைய கோழிதான் சாம்பி. இந்தத் தடவை அடைகாத்துப் பொரித்த குஞ்சுகளையெல்லாம் கரும்பருந்து கொண்டுபோய்விட்டது, மிச்சம் ஒரே ஒரு குஞ்சு. பெற்றவளுக்குத் தூக்கம் வருமா? வைக்கோல் அசைந்தால் பதறுவாள், காகத்தின் நிழல் விழுந்தாலும் குஞ்சை இறக்கைக்குள் இழுத்துக்கொள்வாள்.

"ஏண்டி இப்படிப் பறக்கிற? நான்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்ல?" என்பாள் மாராயி.

உண்மைதான். பருந்து தெரிந்தால் மாராயி "ஊஊய்!" என்று கத்துவாள், கோழிகளெல்லாம் முள்வேலிக்குள் ஓடிவிடும். கருடன் தெரிந்தால் "கோவிந்தா, கோவிந்தா" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வாள். மனுஷியின் கை கன்னத்துக்குப் போனால் பயமில்லை என்று கோழிகள் பழகிவிட்டன. அப்புறம் அண்ணாந்து பார்க்கிற வேலையை எவள் செய்வாள்? எல்லாருக்கும் மாராயியின் கை மேல்தான் கண்.

பனை உச்சியில் உட்கார்ந்து கரும்பருந்து இதை நோட்டம் விட்டது. வயிறு காந்தியது. "கத்துனா ஓடுதுங்க, கன்னத்துல போட்டா மேயுதுங்க. அடடே! இவ்வளவுதானா சங்கதி?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

நேரே கண்மாய்க்குப் போய் உடம்பை நனைத்தது. கரையில் கிடந்த செம்மண்ணில் புரண்டு புரண்டு எழுந்தது. பக்கத்து வீட்டில் வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு கரைத்து வைத்திருந்தார்கள், அதில் தலையை ஒரு முக்கு. தண்ணீரில் தன்னைப் பார்த்ததும் கள்ளப்பயலுக்குத் தானே கும்பிட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

உச்சி வெயிலில் களத்துக்கு மேலே வந்து சுற்றியது. மாராயி கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். செவப்பு உடம்பு, வெள்ளைத் தலை. "கோவிந்தா! என் அப்பனே!" என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் படபடவென்று போட்டுக்கொண்டாள்.

கோழிகள் நிம்மதியாகக் கிளறின. சாம்பிக்கு மட்டும் கால் நிலைகொள்ளவில்லை. நிழல் கண்மாய்ப் பக்கம் போகாமல் களத்தையே சுற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் பெரிதாகிக்கொண்டே வந்தது.

"ஆத்தா, அவரு ஏன் இம்புட்டுத் தாழப் பறக்காரு?"

"சும்மா இருடி. சாமியப் போயிச் சந்தேகப்படுவாங்களா?"

"மீனு திங்கிறவருக்குக் களத்துல என்ன வேலை?"

"வாயக் கழுவு! பாவம் புடிச்சிரும்," என்று அதட்டிவிட்டு மாராயி மறுபடியும் கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

ஊரே கும்பிடும்போது ஒற்றைக் கோழி என்ன செய்யும்? ஆனாலும் சாம்பிக்கு மனசு கேட்கவில்லை. ஒரு கண்ணை மாராயியின் கையில் வைத்துவிட்டு, தலையைச் சாய்த்து மறு கண்ணால் மேலே பார்த்தாள். பார்த்த அந்த நொடியில் நிழல் விழுந்தது. "ம்மா!" என்று ஒரே ஒரு சத்தம். குஞ்சு தரையில் இல்லை.

கோழிக்குப் பறக்க வராது என்று யார் சொன்னது? சாம்பி கூரை உயரத்துக்கு எகிறினாள். அலகுக்கு எட்டியது வால்தான். அதுவரை அந்த வாலும் கருடன் வாலைப் போல வட்டமாகத்தான் விரியும். நட்டநடு வாலைக் கவ்வி, உடம்புப் பாரம் முழுக்கப் போட்டுத் தொங்கினாள். பருந்து உதறியது, திமிறியது, சுழன்றது. செம்மண் பொலபொலவென்று உதிர்ந்து மாராயியின் முகத்தில் விழுந்தது.

அவள் கண்ணைத் திறந்தாள். "அடப் பாவி! உனக்கா கும்பிட்டேன்?" என்று அலறிக்கொண்டு விளக்குமாற்றை வீசி எறிந்தாள்.

நடு இறகுகள் வேரோடு பிய்ந்தன. நிலைதடுமாறிய பருந்து நகப்பிடியை விட்டது. குஞ்சு மிளகாய்க் குவியலில் வந்து விழுந்து தும்மியது. உயிர் இருந்தது! சாம்பி அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அழுதாள். மாராயியும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். "உன்ன வாயக் கழுவுன்னேனே, தாயி, நான்ல கழுவணும்," என்றாள்.

குஞ்சு பிழைத்தது, நிம்மதி திரும்பவில்லை. மறுநாள் நிஜக் கருடனே வந்து வட்டமடித்தார். மாராயியின் கை கன்னத்துக்குப் போவதற்குள் சாம்பி கொக்கரித்து ஊரைக் கூட்டிவிட்டாள்.

கருடன் கொஞ்சம் தாழ வந்து, "என்னம்மா, என்னைத் தெரியலையா?" என்று கேட்டார்.

"தெரியுது சாமி. செவப்பும் தெரியுது, வெள்ளையும் தெரியுது," என்றாள் சாம்பி. குஞ்சை வயிற்றுக்குக் கீழே தள்ளியபடியே சொன்னாள்: "ஆனாலும் கொஞ்சம் திரும்புங்க. வாலப் பாக்கணும்."

மாராயிக்கு உயிரே போய்விட்டது. கருடன் கோபிக்கவில்லை. மெல்லத் திரும்பி, வாலை முழுசாக விரித்துக் காட்டிவிட்டுக் கண்மாய்ப் பக்கம் போனார்.

அன்று பிய்ந்த நடு இறகு கரும்பருந்துக்குப் பழையபடி வளரவே இல்லை. அன்று முதல்தான் அதன் வால் நடுவில் பிளந்திருக்கிறது. குஞ்சோடு நிற்கும் கோழியும் அன்று முதல்தான், சாமியே வந்தாலும் சரி, தலையைச் சாய்த்து முதலில் வாலைப் பார்க்கிறது.