பாறைக்கு ஒரே வாரிசு

செந்நாய்க் கூட்டத்தின் தலைவன் செத்த மறுநாளே அவன் மூத்த மகன் கூர்மூக்கன் ஓடைக்கரைப் பாறைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். தலைவனின் ரத்தம் உள்ளவன்தான் அந்தப் பாறையில் உட்காரலாம். வேட்டையாடத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. அது அந்தக் காட்டு வழக்கம்.

கீழே நின்ற நரி மந்திரி பல்லை இளித்தது.

"மகாராசா, உங்கள் முப்பாட்டன் ஒரு புலி. விசாரித்துவிட்டேன்."

கூர்மூக்கன் தன் முதுகைத் திரும்பிப் பார்த்தான். வரி ஒன்றுகூட இல்லை.

"இருக்கும். எனக்கும் அப்படித்தான் பட்டது."

"ஆனால் அதே ரத்தம்தானே உங்கள் சித்தப்பா உடம்பிலும் ஓடுகிறது?"

அன்று கூர்மூக்கனுக்கு இரை இறங்கவில்லை. சித்தப்பா கொட்டாவி விட்டால்கூடப் பாறைக்குக் குறி வைப்பதுபோல் தெரிந்தது. கிழவர் தண்ணீர் குடிக்கக் குனிந்தபோது குரல்வளையைக் கவ்விவிட்டான்.

"உன் சின்ன வயதில் இறைச்சியைக் கக்கி ஊட்டியவன்டா நான்," என்றார் அவர். அவர் கண்ணில் இருந்தது வியப்பு. கூர்மூக்கன் அதைச் சதி என்று எடுத்துக்கொண்டான்.

அவர் பிள்ளைகள் பழிவாங்குவார்களே என்று அவர்களையும் கொன்றான். சம்பந்திகள் சொல்லாமல் கொள்ளாமல் மலை தாண்டிப் போனார்கள். தம்பி ஒருவன் மிஞ்சினான்.

"அண்ணா, எனக்குப் பாறை வேண்டாம். முட்டிவலி, ஏறவே முடியாது."

"நீ கேட்கமாட்டாய். உன் மகன் கேட்பான்."

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லையே!"

அவனும் போய்ச் சேர்ந்தான்.

கூர்மூக்கன் நிம்மதியாகத் தூங்கி எழுந்தான். பசித்தது. ஓடையில் ஒரு கடமான் நின்றது. அவனைக் கண்டு அது ஓடவில்லை.

"தனியாகவா வந்தாய்?" என்று கேட்டது. "முன்னால் மறிக்கிற சித்தப்பா எங்கே? பின்னங்காலைக் கவ்வுகிற தம்பி எங்கே?"

"நான் புலி வம்சம்."

"அப்படியானால் பாய்ந்து பார்."

பாய்ந்தான். கொம்பு விலாவில் இறங்கியது.

கரையில் கிடந்தவனை நரி ஒருமுறை சுற்றி வந்து முகர்ந்தது.

"அடுத்த வாரிசு யார் என்று சொல்லிவிட்டுப் போங்கள், மகாராசா."

கூர்மூக்கன் ஒவ்வொரு பெயராக நினைத்துப் பார்த்தான். எல்லோரையும் அவனே கொன்றிருந்தான். அவன் யோசித்து முடிக்கும்வரை நரி காத்திருக்கவில்லை. தின்னத் தொடங்கியது.

சொந்தத்தால் பதவி பெற்றவன் அந்தச் சொந்தத்தையே பகையென்று அழித்தால், கடைசியில் தன்னைப் புகழ்ந்தவனுக்கே இரையாவான்.