நாலு நாள்தானே

குடிநோயாளிகளுக்கான மீட்பு இல்லம் அது. அதை நடத்திய டாக்டர் இசக்கியம்மாளுக்கு நாற்பது வயது. நிர்வாகம் பார்த்த நயினாருக்கு ஐம்பத்தேழு. ஒரு காலத்தில் அவரும் அங்கே நோயாளியாகக் கிடந்தவர்தான். தன்னைவிட இளையவர் என்றாலும் டாக்டரம்மாவைத்தான் அவர் குருவாக நினைத்தார்.

நயினாருக்கு எண்கள் பிடிக்கும். எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள், எத்தனை பேர் மறுபடி குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள் என்று மாதாமாதம் கட்டம் போட்டு எழுதுவார். அதில் தப்பில்லை. அவர் வருவதற்கு முன் அந்த இல்லத்தில் யார் வந்தார், யார் போனார் என்றே தெரியாது. ஆனால் போகப்போக மனுஷர் ஆட்களை விட்டுவிட்டு எண்ணைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க ஆரம்பித்தார்.

மார்ச் இருபத்தொன்பதாம் தேதி காலை, ஆண்டறிக்கையோடு வந்து நின்றார்.

“திரும்பி வந்தவங்க இந்த வருஷம் நூத்துக்கு அஞ்சு பேர்தான், டாக்டரம்மா. போன வருஷம் பதினொண்ணு. இதை இன்னும் குறைக்க என்ன வழி?”

டாக்டர் அறிக்கையைப் புரட்டவில்லை.

“நேத்து மரியதங்கம் வந்திருந்தாராமே. வாட்ச்மேன் சொன்னார். எந்தப் படுக்கையில இருக்கார்?”

மரியதங்கம் லாரி மெக்கானிக். எட்டு மாதத்துக்கு முன் குணமாகிப் போனவர். நேற்று கை நடுங்க வாசலில் வந்து நின்றார்.

“ஒண்ணாம் தேதி வரச் சொல்லியிருக்கேன்.”

“ஏன்?”

“மார்ச்சோட இந்த வருஷக் கணக்கு முடியட்டும்னு... நாலு நாள்தானே.”

சொல்லும்போதே அவருக்கு அசிங்கமாக இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்துப் பிடிபட்டவர் போல் நின்றார். டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“அண்ணாச்சி, நீங்க கடைசியா இங்க வந்து சேர்ந்த நாள் நினைவிருக்கா?”

“ஜூன் பதினாலு.”

“அது எத்தனாவது தடவை?”

“மூணாவது.”

“அன்னைக்கு உங்களை நான் பதினெட்டாம் தேதி வரச் சொல்லியிருந்தா?”

அன்று இங்கே இடம் கிடைக்காவிட்டால் செத்துப்போவது என்ற முடிவோடுதான் நயினார் வந்திருந்தார். அது இருவருக்கும் தெரியும்.

“வாங்க, தேடுவோம்” என்று டாக்டர் எழுந்தார்.

வீட்டில் இல்லை. பஸ் ஸ்டாண்டில் இல்லை. உச்சி வெயிலில், லாரி ஷெட்டுக்குப் பின்னால் பழைய டயர்களுக்கு நடுவே மரியதங்கம் உட்கார்ந்திருந்தார். உயிரோடு இருந்தார். அதைப் பார்த்ததும் நயினாருக்கு அழுகை முட்டியது.

அவரைக் கண்டதும் மரியதங்கம் பதறிப்போய்ப் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

“சார், தப்பா நினைக்காதீக. கொஞ்சங்கொஞ்சமாத்தான் குடிக்கேன். ஒரேயடியா நிறுத்துனா வலிப்பு வந்துரும்னு நீங்கதானே வகுப்புல சொன்னீக. ஒண்ணாம் தேதி வரைக்கும் தாங்கணும்லா?”

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

“உங்க பேரைக் கெடுத்துட்டேன் சார். எல்லார் முன்னாலயும் எனக்கு மாலை போட்டு அனுப்புனீக. மன்னிச்சிருங்க.”

நயினாருக்கு வெட்கத்தில் காது எரிந்தது. தான் கேட்க வேண்டிய மன்னிப்பை இந்த மனிதர் கேட்கிறாரே என்று கூசினார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் டயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, மரியதங்கத்தைக் கைத்தாங்கலாக எழுப்பினார். ஷெட்டின் பின்பக்கச் சந்துக்குள் ஆட்டோ வராது. மெயின் ரோடு வரை நடக்க வேண்டும்.

“டாக்டரம்மா,” என்றார் நயினார். குரல் உடைந்திருந்தது. “எல்லாத்தையும் அறிக்கையில எழுதிடுறேன். இவரை நான் திருப்பி அனுப்பினதையும் எழுதுறேன். எனக்கு என்ன தண்டனை வேணும்னாலும் குடுங்க.”

டாக்டர் திரும்பிப் பார்த்தார்.

“எழுதலாம் அண்ணாச்சி. இப்ப இவர் கால்ல செருப்பில்ல, தார் ரோடு கொதிக்குது. உங்க செருப்பைக் கழட்டி இவருக்குப் போட்டு விடுங்க.”